ஆழத்தில் ஓடும் தூண்டில்

சமன் என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகளின் நினைவுக்கு வருவது டின்னில் அடைத்த மீன்தான். அந்த டின்னைத் திறந்து பார்த்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் கானாங்கெளுத்தி இனத்து மீனேயன்றி உண்மையான சமன் அன்று. உண்மையான சமன் குளிர்நீரில் வாழ்வது. வட அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் 1966ஆம் ஆண்டு கோஹோ என்னும் சமன் இனத்தின் குஞ்சுகளை விட்டார்கள். அவை பெருகின. ஆனால் கோடையில் மேல்நீர் சூடேறியதும், மீன்கள் குளிர்ச்சியை நாடி ஆழத்துக்கு இறங்கிவிட்டன. ஓடும் படகிலிருந்து அவற்றைப் பிடிக்க விரும்பியோர், படகின் ஓரத்தில் ஓர் உருளையைப் பொருத்தி, கம்பியில் பத்து இறாத்தல் அளவுள்ள குண்டைக் கட்டி இறக்கி, அதன் துணையால் தூண்டிலைக் கீழே கொண்டுபோனார்கள்.

மிச்சிகன் ஏரி எங்கே, கல்முனைக் கடல் எங்கே என்று வாசகர் கேட்கலாம். கேள்வி ஒன்றுதான்: படகு மேலே ஓடுகிறது, மீன் கீழே திரிகிறது, இரையை எவ்வாறு கீழே அனுப்புவது? சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் தோணியை மணலிலிருந்து தள்ளி, அலையைத் தாண்டிச் செல்லவேண்டும். அங்கே உருளைக்கும் குண்டுக்கும் இடம் ஏது? ஆயினும் நம்மவர் அறுக்குளாவையும் சூரையையும் வளையாவையும் பாரையையும் இழுவைத் தூண்டிலில் பிடித்தே வருகிறார்கள்.

கச்சான் காற்று ஓய்ந்திருந்த ஒரு விடியற்காலையில் நாமும் அத்தகைய ஒரு தோணியில் சென்றோம். பொழுது புலரும் வேளையில் இரண்டு மீன்கள் அகப்பட்டன. வெயில் ஏறியதும் தூண்டில் அசையவேயில்லை. மீன் கீழே போய்விட்டது போலும் என்று எண்ணி, ஈயத்தைக் கூட்டினால் என்ன என்று கேட்டோம். அணியத்தில் இருந்த முதிய காக்கா சிரித்தார். "ஈயம் கிடக்கட்டும் தம்பி, முதல்ல எஞ்சினைக் குறைங்க" என்றார். வேகம் குறைந்தது, கயிறு மெல்லத் தாழ்ந்தது. சற்று நேரத்தில் ஓர் அறுக்குளா வந்து விழுந்தது.

இதற்குக் காரணம் மாணவர் எளிதில் உணரக்கூடியதே. ஓடும் படகின் பின்னே செல்லும் கயிற்றை நீர் பின்னுக்குத் தள்ளி மேலே எழுப்புகிறது. ஈயம் கீழே இழுக்கிறது. இவ்விரண்டுக்குமிடையே நடக்கும் போட்டியே ஆழத்தைத் தீர்மானிக்கிறது. நீரின் தடை ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மணிக்கு ஆறு மைல் வேகத்தை மூன்றாக்கினால், தடை பாதியாகாது, நான்கில் ஒன்றாகும். ஈயத்தை நான்கு மடங்காக்கிப் பெறும் பயனை எஞ்சினைத் தணித்தே பெற்றுவிடலாம். தடித்த கயிற்றை விட மெல்லிய தங்கூஸ் ஆழமாகச் செல்வதும் தடை குறைவதனாலேயே.

ஆழத்தை மதிப்பிடவும் வழியுண்டு. நீர்மட்டத்துக்குக் கீழே முப்பது பாகைச் சரிவில் இருபது பாகம் கயிறு நேராகச் சென்றால், ஈயம் பத்துப் பாகம் ஆழத்தில் இருக்கும். கயிறு நீருக்குள் வளைவதால் உண்மை ஆழம் சற்று வேறுபடும். ஆயினும் மதிப்பீட்டுக்கு இது போதும்.

இனித் தூண்டிலைக் கட்டும் முறை. முதன்மைக் கயிற்றின் நுனியில் ஈயத்தைக் கட்டி, அதன்பின் சுழலும் வளையம் ஒன்றை இணைக்கவேண்டும். ஓட்டத்தில் இரை சுழலும்போது கயிறு முறுக்கேறாமல் காப்பது இவ்வளையமே. அதிலிருந்து மூன்று அல்லது நான்கு பாகம் மெல்லிய தங்கூஸ். ஈயம் இரைக்கு அருகில் இருந்தால் மீன் மிரளும். இறுதியில் ஒரு சாண் உருக்குக் கம்பியும் அதன் முனையில் முள்ளும். அறுக்குளாவின் பற்கள் கத்தரிக்கோல் போன்றவை. கம்பி இல்லையேல் முள்ளும் போகும், மீனும் போகும்.

ஈயமே வேண்டாமெனில் சிறு பலகையை நாடலாம். காற்றில் பட்டம் மேலேறுவதை அறியாத பிள்ளை உண்டா? அதே பட்டத்தைத் தலைகீழாக நீருக்குள் பறக்கவிட்டதாக எண்ணுங்கள். சாய்வாகக் கட்டிய பலகையை ஓடும் நீர் அழுத்திக் கீழே செலுத்தும். மீன் கவ்வி இழுத்தவுடன் சாய்வு குலையுமாறு கட்டினால், பலகை தானே மேலே மிதந்துவரும். முதல் உலகப் போரில் கப்பல்களின் இருபுறமும் இழுத்துச் சென்று கண்ணிவெடிகளின் கட்டுக் கம்பிகளை அறுத்த கருவிகளும் இதே தத்துவத்தில் இயங்கியவைதாம்.

இவற்றையெல்லாம் வெறும் பொழுதுபோக்காக நாம் எழுதவில்லை. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, எஞ்சின் தோணிகள் பல கரையிலேயே கிடந்தன. அன்று முதல் வேகம் என்பது பணம். மெதுவாக ஓடுபவனுக்கு எண்ணெயும் மிச்சம், ஆழமும் இலாபம். இதை அறியாமல் விரைபவன் வெறுந்தோணியோடும் கடனோடும் திரும்புகிறான்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். அன்று நாம் கயிற்றை இறுக்கிப் பிடிக்க எண்ணி உள்ளங்கையில் இருமுறை சுற்றிக்கொண்டோம். காக்கா பாய்ந்து வந்து அதை அவிழ்த்தார். "மீன் இழுத்தா கயிறு விடாது தம்பி, விரல்தான் போகும்" என்றார். அடுத்த கணம் வந்த இழுப்பில் கயிறு நம் விரல்களுக்கிடையே சீறிப் பாய்ந்தது. தோல் உரிந்தது, விரல் தப்பியது.

எந்தப் புத்தகத்திலும் நாம் படிக்காத பாடம் இது. கடலுக்குப் போகும் குடும்பங்களிலும் இன்று பிள்ளைகள் பரீட்சைக்கே தயாராகிறார்கள், அது நல்லதே. ஆயினும் விடுமுறை நாளொன்றில் வாப்பாவோடு மணலில் அமர்ந்து, கயிறு ஏன் எழுகிறது, ஈயம் எங்கே நிற்கிறது என்று கேட்கட்டும். பள்ளியில் படிக்கும் வர்க்கமும் கோணமும் தம் வீட்டுத் தோணியிலேயே இருப்பதை அப்பிள்ளைகள் காண்பார்கள். வாப்பாவும் தாம் இத்தனை காலம் கையால் அறிந்ததற்கு ஒரு கணக்கு உண்டென்று அறிவார்.