சீட்டு ஒன்று, வாயில் ஐந்து

தலைநகருக்கு வரும் தமிழர் ஒருவர் சென்னை நடுவண் நிலையத்தின் முகப்பில் நின்றால், கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே ஐந்து வாயில்களைக் காண்பார். 2019-இல் ம.கோ.இராவின் பெயர் சூட்டப்பெற்ற நெடுந்தொலைவு நிலையம் ஒன்று. ஆவடி, அரக்கோணம், கும்மிடிப்பூண்டி வண்டிகளுக்குரிய மூர் அங்காடி வளாகம் அதனை ஒட்டியது. சாலைக்கு அப்பால் தாம்பரத் தடத்தின் பூங்கா நிலையம்; அருகே வேளச்சேரி செல்லும் பறக்கும் தொடர்வண்டியின் பூங்கா நகர் நிலையம்; நிலத்தின் கீழே மெட்ரோ. எந்தச் சீட்டு எவ்வாயிலில் செல்லும் என்பதை அறியாமையால் ஏழையின் பொருள் கரைகின்றது.

தாம்பரத்திலிருந்து மயிலாப்பூருக்கு ஒரே சீட்டு எடுத்து, இடையில் வண்டி மாறிச் செல்லலாம். இரண்டும் தொடர்வண்டித் துறையின் தடங்களே. 2015-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவோ தனி நிறுவனம்; புறநகர்ச் சீட்டுக்கு அதன் கதவு திறவாது.

பெருங்கண்ணி வேறொன்றுண்டு. தாம்பரம்–எழும்பூர் புறநகர்ச் சீட்டு கையில் இருக்க, எழும்பூர் செல்லும் விரைவு வண்டி எதிரே வந்து நிற்கின்றது. புறப்படும் ஊரும் சேரும் ஊரும் ஒன்றே. ஆயினும் ஏறியவர் கட்டண வேறுபாட்டோடு குறைந்தது 250 உருபா தண்டமும் இறுக்க நேரும். சீட்டில் காணும் 'ஆர்டினரி' என்னும் சொல் வண்டியின் வகையைக் குறிப்பது. அதனை இருக்கையின் தரம் என்று கருதுவோரே பலர். முன்பதிவுச் சீட்டுக்கும் கட்டுண்டு: எழும்பூரில் ஏறப் பதிந்தவர் தாம்பரத்தில் ஏற விரும்பின், ஏறும் நிலையத்தை முன்னரே மாற்றல் வேண்டும். மாற்றியபின் எழும்பூரில் ஏறும் உரிமை அவர்க்கில்லை.

சட்டத்தை அறியாமை காப்பாகாது என்பர். நன்று! ஆயின், விற்பவன் தன் பண்டத்தின் அளவைச் சொல்லாது விற்றுவிட்டு, வாங்கியவனை ஒறுத்தல் எவ்வகை அறம்? சீட்டில் ஊர்ப்பெயரைத் தமிழில் அச்சிடுவது மட்டும் போதாது. 'புறநகர் வண்டிக்கு மட்டும். விரைவு வண்டியில் செல்லாது' என்னும் ஒரு வரி எழுத்துக் கூட்டிப் படிப்பாரும் உணரும் தமிழில் சீட்டின் முகத்திலேயே நிற்றல் வேண்டும். சீட்டு வழங்குவோரும் ஆய்வோரும் அதனைத் தமிழில் எடுத்துரைக்க வல்லவராதல் வேண்டும்.

விளங்காத மொழியில் இருக்கும் விதி, பயணிக்கு விதியன்று, பொறியே. அதனைத் தமிழாக்கக் கேட்பது இரத்தலன்று. கட்டணம் செலுத்தியவரின் உரிமை. ஒவ்வொரு நிலையத்திலும் அவ்வுரிமையைத் தமிழர் எழுத்தில் கேட்பாராக!