மூன்று வாசல், ஒரே கஜானா

ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் ஒரு விசைத்தறித் தொழிலாளி தன் பிள்ளையை எங்கே சேர்க்கலாம் என்று விசாரித்தால், மூன்று வாசல்களைக் காட்டுகிறார்கள். ஒன்று ஊராட்சி ஒன்றியப் பள்ளி. இன்னொன்று, சர்க்கார் சம்பளம் கொடுக்க, தனியார் நிர்வாகம் செய்யும் எய்டட் பள்ளி. மூன்றாவது, நம் ஜனங்கள் ‘கான்வென்ட்’ என்று சொல்லும் மெட்ரிக் பள்ளி. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அங்கே ஆரம்ப வகுப்பில் நூற்றுக்கு 25 இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு. கட்டணத்தைச் சர்க்கார் கட்டுகிறது.

மூன்றுக்கும் பணம் ஒரே கஜானாவிலிருந்துதான் போகிறது. சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் வரி கட்டி அதை நிரப்புகிறவர்கள் நாம். ஆனால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பதோ, எந்த வாசலில் நுழைந்தது என்பதைப் பொறுத்திருக்கிறது!

காலைச் சாப்பாட்டையே பாருங்கள். 2023 ஆகஸ்டில் சர்க்கார் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது வந்தது. கிராமத்து எய்டட் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில்தான், அதுவும் நம் திருவள்ளூர் ஜில்லாவின் கீழச்சேரியில் தொடங்கி வைக்கப்பட்டது. நகரத்து எய்டட் பள்ளிகள் 2025 ஆகஸ்ட் வரை காத்திருந்தன. பசிக்கு எய்டட் என்றும் சர்க்கார் என்றும் பேதம் தெரியுமா? 2020-இல் மருத்துவக் கல்லூரிகளில் 7.5 சதம் இடம் ஒதுக்கிய சட்டமும் எய்டட் பள்ளி மாணவரை வெளியே நிறுத்திவிட்டது.

எய்டட் பள்ளிகளை நாம் பழிக்கவில்லை. சேரிப் பிள்ளைகளுக்கு வேறு கதவு திறக்காத காலத்தில் திறந்தவை அவற்றில் பல உண்டு. ஆனால் பொதுப் பணம் வாங்கும் நிர்வாகத்தைக் கேள்வி கேட்கப் பெற்றோருக்கு என்ன அதிகாரம்? பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். 2012-இல் செய்த திருத்தமோ, எய்டட் பள்ளியில் அக்குழு யோசனை மட்டுமே சொல்லலாம் என்று ஆக்கிவிட்டது. 2004-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் வெந்து மடிந்த கட்டடத்தில் இருந்தவற்றில் ஒன்று எய்டட் பள்ளி. 2021-இல் நெல்லையில் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர் மாண்டதும் எய்டட் பள்ளியில்தான். சுவரில் விரிசல் கண்ட பெற்றோர் யோசனை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானா?

இனி அந்த 25 சதம். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மெட்ரிக் பள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. கரும்பு வெட்டும் கூலிக்காரரின் குக்கிராமத்தில் மெட்ரிக் பள்ளிக்கு எங்கே போவது? டவுன்காரருக்கும் நிம்மதியில்லை. பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் தமிழகம் கையெழுத்திடவில்லை என்று மத்திய சர்க்கார் கல்வி நிதியை நிறுத்தியது. 2025 கோடையில் நடக்க வேண்டிய சேர்க்கை அக்டோபருக்குப் போயிற்று.

எட்டாம் வகுப்போடு இந்தச் சலுகை முடிந்துவிடும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்பதில் முழுக் கட்டணம். மானத்துக்குப் பயந்து வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறவர்களை நாம் அறிவோம். தோழர்களே, அவசரப்படாதீர்கள்! 25 சதத்தில் எட்டு வரை படித்த பிள்ளை, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளியில் படித்தால் 7.5 சத ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். பெண்ணானால், கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் மனுப்போடலாம் என்று 2022-இல் விதி செய்யப்பட்டது. கடன் வாங்கி மெட்ரிக்கிலேயே வைத்திருந்தால் இரண்டும் போய்விடும்.

நம் கோரிக்கை இதுதான்: எய்டட் பள்ளிப் பிள்ளைக்கும் அந்த 7.5 சதத்தில் பங்கு. அங்குள்ள பெற்றோர் குழுவுக்குக் கணக்குக் கேட்கும் அதிகாரம். மெட்ரிக் கட்டணத்துக்குப் போகும் தொகைக்குக் குறையாமல் ஒன்றியப் பள்ளிகளின் கட்டடத்துக்கும் உபாத்தியாயர் நியமனத்துக்கும் தனி ஒதுக்கீடு. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ஷிப்டு முடிந்து வருகிறவர்களும் வயலிலிருந்து வருகிறவர்களும் சேர்ந்து இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.