வாணவேடிக்கை பார்க்காதவர்

பி.காம். படித்தவர்களுக்கு 'குட்வில்' என்றால் என்னவென்று தெரியும். தெரியாவிட்டாலும், அரியர் வைத்த பேப்பரில் வந்த கேள்வி என்ற அளவிலாவது ஞாபகம் இருக்கும். கடையின் நல்ல பேர். கண்ணுக்குத் தெரியாத சொத்து. அதற்கும் ஒரு விலை போட்டு பாலன்ஸ் ஷீட்டில் ஏற்ற வேண்டும். கடையை இழுத்து மூடினால் குட்வில்லும் அம்பேல். எங்கள் புரொபசர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.

அவர் டோக்கியோ போனதில்லை. அங்கே டமாயா என்று ஒரு வாணக் கடை இருந்தது. காகியா என்ற பழைய கடையில் வேலை பார்த்தவர் பிரிந்து வந்து ஆரம்பித்தது. (தனிக்கடை போடுவது எல்லா ஊரிலும் உண்டு போல.) சுமிதா ஆற்றில் பாலத்துக்கு மேல்பக்கம் டமாயா, கீழ்பக்கம் காகியா. போட்டி போட்டுக்கொண்டு வாணம் விடுவார்கள். எது பிரமாதமோ அந்தக் கடையின் பேரைச் சொல்லி ஜனங்கள் கத்துவார்கள். 1843-ல் டமாயாவில் தீப்பிடித்து அக்கம்பக்கமும் எரிந்துபோனது. முதலாளியை ஊரைவிட்டே அனுப்பிவிட்டார்கள். ஒரே தலைமுறையோடு கடை க்ளோஸ். காகியாவோ இன்றைக்கும் இருக்கிறது.

ஆனால் 180 வருஷம் கழித்தும், வானத்தில் ஒரு நல்ல வாணம் பூத்தால் ஜப்பான்காரர்கள் வாயில் முதலில் வருவது 'டமாயாஆஆ'தான். காகியாவுக்கும் கத்துகிறார்கள், கொஞ்சம் கம்மியாக. இந்தக் குட்வில்லை எந்த ஃபார்முலா போட்டுக் கணக்கிடுவது? இரண்டு மார்க் கேள்வியாகக் கூடக் கேட்டுவிடாதீர்கள்.

2024 ஜூலை 27, சனிக்கிழமை சாயங்காலம் இதை என் காதாலேயே கேட்டேன். சித்தி பையன் ஒருவன் டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் குடியிருக்கிறான். நம்மவர்கள் நிறையப் பேர் உள்ள ஏரியா. இட்லி மாவுக்குத் திண்டாட்டம் கிடையாது. "அண்ணா, ஜூலை கடைசி சனிக்கிழமை இங்கே இருக்கிற மாதிரி டிக்கெட் போடுங்க, சுமிதா ஆத்து வாணவேடிக்கை பாத்துடலாம்" என்றான். சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று கேட்டு வளர்ந்தவன் நான். நேரு வைத்த பேர் என்பார்கள். ஒரிஜினல் ஜப்பானில் எப்படித்தான் விடுகிறார்கள், போய் ஆடிட் பண்ணிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

இது 1733-லிருந்து சொல்லப்படுகிற திருவிழா. முந்தின வருஷத்துப் பஞ்சத்தில் செத்துப்போனவர்களுக்காக ஆற்றங்கரையில் சடங்கு நடத்தி வாணம் விட்டார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. நடுவில் 1961-க்கு அப்புறம், டிராஃபிக் தாங்கவில்லை, ஆறும் நாறுகிறது என்று நிறுத்தி, 1978-ல் மறுபடி ஆரம்பித்தார்கள். 2013-ல் பாதியில் அடைமழை கொட்டி அரை மணியில் மூட்டை கட்டினார்கள். கொரோனா மூன்று வருஷத்தை விழுங்கியது. 2023-ல் திரும்ப வந்தபோது பத்து லட்சத்துக்கு மேல் கூட்டம். நான் போன வருஷம் கொஞ்சம் கம்மி, ஒன்பது லட்சத்துச் சொச்சம். இருநூறு பேர் வந்தாலே கல்யாண மண்டபத்தில் பந்திக்கு அடிதடி நடக்கும் நாட்டிலிருந்து வந்தவனுக்கு இந்த நம்பர் வயிற்றைக் கலக்கியது.

"அசாகுசாவுல இறங்க வேணாம், அதுக்கு முந்தின ஸ்டேஷன் தவாராமாச்சி, அங்கயே இறங்கிடலாம்" என்றான் தம்பி. இந்த ஊர்க்காரர்களின் சூட்சுமமாம். அதே சூட்சுமம் இன்னும் பல ஆயிரம் பேருக்குத் தெரிந்திருந்தது. ஸ்டேஷன் படியேறி வெளியே வந்தால் ஒரே யுகாட்டா மயம். பூப்போட்ட பருத்தி அங்கி, பின்னால் விசிறி செருகிய இடுப்புப் பட்டை, காலில் மரச்செருப்பு. பெண்கள் மட்டுமில்லை, நம் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் வயசுப் பையன்களும் அதையே கட்டிக்கொண்டு கூச்சமில்லாமல் நடந்தார்கள். பொங்கலுக்கு வேட்டி கட்டிவிட்டு பெல்ட்டைத் தடவிப் பார்க்கிற நாம் கற்றுக்கொள்ளலாம்.

வியர்வை ஆறாய் ஓடியது. டோக்கியோவில் ஜூலை நம் மே மாதத்துக்குத் தம்பி.

ஏழு மணிக்கு முதல் வாணம். ஆற்றில் இரண்டு இடத்திலிருந்து விடுகிறார்கள். ஒன்றரை மணி நேரத்தில் சுமார் 20,000. ஆடிட் ரிப்போர்ட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இவர்கள் குண்டு உருண்டை. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் வானத்தில் முழு வட்டமாக விரிகிறது, செவ்வந்திப் பூ மாதிரி. விரிந்தபின் எல்லா இதழும் ஒரே நொடியில் நிறம் மாறுகிறது. ஒன்றுகூடப் பிந்துவதில்லை. சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குத் தாமிரம். சரக்கு சிவகாசியில் இருப்பதுதான். அடுக்குகிற கையில் இருக்கிறது விஷயம். வாணத்துக்கு இவர்கள் மொழியில் 'ஹனாபி', அதாவது பூ நெருப்பு. நம் புஸ்வாணமும் பூவாணம்தானே, சொந்தக்காரர்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது வானத்தைப் பற்றி இல்லை.

பாலத்தில் நின்று பார்க்கக் கூடாது. இது சட்டம். பாலத்தின் முனையில் கயிறு பிடித்து நிறுத்துகிறார்கள். கொஞ்சம் பேரை விட்டு, மறுபடி கயிறு. உள்ளே போனால் ஒரே திசை, நடந்துகொண்டே இருக்க வேண்டும். தலையை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பு, காலை நிறுத்தாதே. லவுட் ஸ்பீக்கரில் ஒரு குரல் ஓயாமல் கெஞ்சிக்கொண்டே இருக்கிறது. தம்பி மொழிபெயர்க்கவே தேவையில்லை, திருப்பதி போனவனுக்குத் தெரியாதா, அதே 'ஜருகண்டி'. என்ன, இங்கே கையைப் பிடித்து இழுத்துத் தள்ள ஆளில்லை.

பாலத்தைத் தாண்டி ஒரு தெருமுனையில் ஒதுங்க இடம் கிடைத்தது. எங்களுக்கு நாலடி தள்ளி ஒரு செக்யூரிட்டிப் பையன். இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும். தொளதொள யூனிஃபார்ம், கையில் சிவப்பாய் எரிகிற குச்சி. ஆற்றுக்கு முதுகு காட்டி நின்றான். எங்கள் மூஞ்சிகளையும் கால்களையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் வானம் சிவந்து, பச்சையாகி, பொன்னாகி உதிர்கிறது. ஒன்பது லட்சம் பேர் 'டமாயா' என்கிறார்கள். அவன் திரும்பவில்லை. சும்மா ஒரு தரம், ஓரக்கண்ணால் கூட? நான் வேலைமெனக்கெட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை. தெருவில் இப்படி இருபதடிக்கு ஒருத்தர், எல்லோரும் நம்மைப் பார்த்து.

"ஏண்டா, கொஞ்சம் திரும்பிப் பாத்தா வேலையா போயிடும்?" என்றேன்.

தம்பி அப்போதுதான் அகாஷி பற்றிச் சொன்னான். மேற்கு ஜப்பானில் கடலோர ஊர். 2001 ஜூலை 21, இதே மாதிரி கோடைகால வாணவேடிக்கை. ரயில்வே ஸ்டேஷனுக்கும் கடற்கரைக்கும் நடுவே ஒரு நடைமேம்பாலம், அதன் கடைசியில் குறுகலான படிக்கட்டு. முடிந்து ஸ்டேஷனுக்குப் போகிறவர்களும் இன்னும் வந்துகொண்டிருந்தவர்களும் பாலத்தின் மேல் எதிரும் புதிருமாக முட்டிக்கொண்டார்கள். படிக்கட்டின் அடியில் தின்பண்டக் கடைகள் வேறு. யாரும் யாரையும் வேண்டுமென்று தள்ளவில்லை. நகர இடமில்லை, அவ்வளவுதான். 11 பேர் செத்துப்போனார்கள். அதில் 9 பேர் குழந்தைகள். வாணம் பார்க்க அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்.

அதை விதி என்று விடவில்லை. மாநகராட்சி ஆட்கள், போலீஸ் அதிகாரி, செக்யூரிட்டி கம்பெனிக்காரர் என்று கோர்ட் தண்டித்தது. அப்புறம்தான் இந்த ஒருவழி, கயிறு, குச்சி எல்லாம் இத்தனை கறார் ஆனது. கூட்டத்தைப் பார்த்துக்கொள்வது என்பதே தனிப் பயிற்சி எடுக்கிற ஒரு வேலை ஆனது.

நான் ஊர் திரும்பி, டோக்கியோ கூட்டத்தைப் பற்றி ஆபீஸ்களில், டீக்கடைகளில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். பத்து வாரம் கழித்து, அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. மெரினாவில் விமானப் படை சாகசம். லட்சக்கணக்கான பேர், லீவு நாள், குழந்தை குட்டியோடு, வானத்தைப் பார்க்கத்தான் போனார்கள். பறக்கும் ரயில் ஸ்டேஷன்களில் கால் வைக்க இடமில்லை. நான் டி.வி.யில்தான் பார்த்தேன். அன்றைய வெயிலில் 5 பேர் திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் டோக்கியோ கதையை யாரிடமும் தமாஷாகச் சொல்ல முடியவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

எட்டரைக்குக் கடைசி சரம். வானம் முழுக்கப் பொன் மழை இறங்கி, புகை ஆற்றின் மேல் படுத்துக்கொண்டது. கைதட்டல். உடனே ஒருத்தரும் ஸ்டேஷனுக்கு ஓடவில்லை. பகுதி பகுதியாகத்தான் விட்டார்கள். பக்கத்தில் ஒரு குடும்பம் நீலத் தார்ப்பாயை மடித்து, பீர் டின், சோளக் குச்சி எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி எடுத்துக்கொண்டது. நாங்களும் எங்கள் தண்ணீர் பாட்டிலை நிஷி-கசாய் வரை சுமந்தோம், வழியில் ஒரு குப்பைத் தொட்டி இருந்தால்தானே.

கிளம்பும்போது தம்பியைத் தூண்டிவிட்டு அந்தப் பையனிடம் கேட்கச் சொன்னேன்: ஒரு வாணமாவது பார்த்தீர்களா?

பையன் தொப்பியைத் தொட்டு ஏதோ சொன்னான். தம்பி சிரித்தான்.

"சத்தம் கேட்டுதாம் அண்ணா. ரொம்ப நல்லா இருந்துதாம். இங்க நிக்காதீங்க, பின்னால ஆளுங்க வர்றாங்க, இடது பக்கமா போங்கங்கறான்."

போனோம்.