கிதாரும் உற்சாகமும்

"உற்சாகம் போய்விட்டது, ஸார்!" என்கிறான் அடுத்த வீட்டுப் பையன். கிதார் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அது சுவரில் தொங்குகிறது. "இவனுக்குச் சங்கீத ஞானம் கிடையாது" என்று தகப்பனார் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

ஞானம் எங்கே வந்தது இதில்? எஃகுத் தந்தியை அழுத்தினால் விரல் நுனி வலிக்கத்தான் செய்யும். விடாமல் வாசித்தால் சில வாரங்களில் தோல் காய்த்துவிடும், வலியும் குறையும். நடுவில் நிறுத்தினாலோ, காய்ப்பு மறைந்து பழைய வலியே திரும்பும். ஆள்காட்டி விரலை ஆறு தந்திகளின் குறுக்கே கிடத்தி அழுத்தும் 'எஃப்' கார்டு யாரைத்தான் அழ வைக்கவில்லை?

உடனே ஜாங்கோ ரெய்ன்ஹார்டின் கதையைச் சொல்லி உபதேசிக்கிறார்கள். 1928-இல் தீ விபத்தில் அவருடைய இடக்கை விரல்கள் இரண்டு முடங்கின. மிஞ்சிய விரல்களால் உலகை மயக்கினார். உண்மைதான். ஆனால் விபத்துக்கு முன்பே அவர் பாஞ்சோ வாசித்துச் சம்பாதித்தவர் என்பதை ஏன் விழுங்கிவிடுகிறீர்கள்? ஆரம்பக்காரனுக்கு மேதையின் கதை மருந்தல்ல. இன்னும் கூசத்தான் வைக்கும்.

தினம் பத்து நிமிஷம், இரண்டே கார்டு, ஒரு சின்னப் பாட்டு. இது போதும். சுவரில் இருப்பதை எடுத்து மடியில் வை, தம்பி! உற்சாகம் முன்பணமாக வராது, கூலியாகத்தான் வரும்.