முதல் செயின்சா வாங்கப் போகும் தம்பிக்கு

"அண்ணே, கூட்டுப் பணம் எடுத்துட்டேன். ஆயிரத்து இருநூறு வெள்ளி கையில இருக்கு. எந்த செயின்சா வாங்கலாம், ஒரு வார்த்த சொல்லுங்க."

பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தம்பி ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வி இது. இத்தனை நாளும் புல்வெட்டி மெசினைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தவர். மரம் வெட்டும் குத்தகைக்காரர் ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கிறார்: "சொந்த மெசினோட வந்தா மரத்துக்கு இவ்வளவுன்னு பேசிக்கலாம். இல்லாட்டி கெளை இழுத்துப் போடற வேலைதான்." கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம், அந்தப் பக்கம் உலு சிலாங்கூர் வரைக்கும் நம்மவர் பலருக்கு இதே பேச்சு வந்திருக்கும். ஆகவே அவருக்குச் சொன்னதை எல்லாருக்குமாக எழுதுகிறோம்.

ஒரு காலத்தில் மரம் வெட்டுவது தோட்டத்து வேலை. கோடாரி தோட்டத்துடையது, அடிபட்டால் போய்ப் படுக்கத் தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்தது. கிழட்டுப் பால்மரம் புகைக்கூண்டுக்கு விறகாகும், மிச்சம் வெளிக்காட்டிலேயே எரியும். அந்த மரத்தில் நாற்காலி மேசை செய்து கப்பலேற்றத் தொடங்கிய பிறகுதான் அதற்கு மரியாதை வந்தது. அதற்குள் பால்மரமே போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பனை நமக்குப் புதிதல்ல. நாட்டின் முதல் செம்பனைத் தோட்டத்தை 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் போட்டது இதே கோலசிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில்தான். பெயரில் தென்னை, நட்டது செம்பனை! பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. லயத்துப் பிள்ளைகள் தாமான் வீடுகளுக்குக் குடிபோனார்கள். இன்று மரம் வெட்டும் வேலை சிறுதோட்டக்காரர் நிலத்திலும், டுரியான் தோப்பிலும், புயலில் சாய்ந்த வீட்டு மாமரத்திலும், கோயில் தீமிதிக்கு விறகு உடைப்பதிலும் சிதறிக் கிடக்கிறது. வேலை சிதறியதோடு கருவியின் செலவும் உடம்பின் ஆபத்தும் தொழிலாளியின் தலைக்கு மாறிவிட்டன. செயின்சா வாங்குகிறவர் இதைத்தான் முதலில் எண்ண வேண்டும்.

என்ன மரம் வெட்டப் போகிறோம்? ரம்புத்தான், மா, ஓரளவு பருத்த பால்மரம் என்றால் 14 அல்லது 16 அங்குலப் பட்டையும், 30இலிருந்து 40 சி.சி. வரை என்ஜினும் தாராளம். செம்பனை மரம் வேறு ஜாதி. உள்ளே தண்ணீரும் நாரும், அதோடு மணல் போன்ற சிலிக்காவும் கலந்திருப்பதால் சங்கிலியின் பல்லை அது விரைவில் மழுக்கிவிடும். பெரிய தோட்டங்களில் மறுநடவுக்கு அதை மண்வாரி இயந்திரம் வைத்தே சாய்க்கிறார்கள். புது ரம்பத்தோடு செம்பனையில் இறங்குவது, புதுச் செருப்போடு சேற்றில் இறங்குவது மாதிரிதான்.

இப்போது நம் தம்பிமார் மயங்கும் மூன்று பொருள்களைச் சொல்லிவிடுகிறோம். முதலாவது, கைப்பேசியில் கண்ணைப் பறிக்கும் மலிவு மெசின். 58 சி.சி. என்பான், 22 அங்குலம் என்பான், விலையோ பெயர்பெற்ற சின்ன மெசினின் பாதிகூட இல்லை. நீளப் பட்டையைப் பார்த்ததும் நமக்கு ஒரு வீரம் வந்துவிடுகிறது. ஆனால் அந்த நீளத்தை இழுக்க என்ஜினுக்கு உண்மையில் சக்தி இருக்கிறதா, சங்கிலி பிரேக் பிடிக்கிறதா, மூன்று மாதம் கழித்துக் கார்புரேட்டர் கெட்டால் எந்தக் கடையில் சாமான் கிடைக்கும்? விற்றவன் எந்த ஊரில் இருக்கிறான் என்றே தெரியாது, யாரிடம் போய்க் கேட்பது?

இரண்டாவது, காட்டு வேலையிலிருந்து கைமாறி வரும் பழைய பெரிய மெசின். 070 என்றாலே பெரியவர்களுக்கு ஒரு பக்தி. நூறு சி.சி.க்கு மேல், பெருங்காட்டு மரத்தையே சாய்த்த மெசின், மறுக்கவில்லை. ஆனால் எடையும் அதிர்ச்சியும் அதிகம், சங்கிலி பிரேக்கும் இல்லாத பழைய அமைப்பு. பத்து வருஷம் பழகின கைக்கு உள்ள கருவியைப் பழகாத கையில் கொடுக்கலாமா? போதாததற்கு அதற்கும் போலி வந்துவிட்டது.

மூன்றாவது, ஒற்றைக் கையில் பிடிக்கும் பேட்டரிக் குட்டி ரம்பம். கிளை நறுக்கட்டும், குற்றமில்லை. ஆனால் அதை வைத்து மரம் வெட்டிக் கூலி வாங்க முடியாது. ஒரு கை ரம்பத்தில், ஒரு கை கிளையில் என்று பழகிவிட்டால் அந்தப் பழக்கம் பெரிய மெசினிலும் தொற்றும். அதுதான் பயம்.

அப்படியானால் எதை வாங்குவது? ஸ்டீலோ ஹஸ்குவார்னாவோ வேறோ, பெயர்பெற்ற கம்பெனியின் ஆகச் சிறிய மெசினை வாங்குங்கள். எந்தப் பெயர் என்பதை நாம் சொல்ல மாட்டோம், உங்களுக்குப் பக்கத்துக் கடைதான் சொல்ல வேண்டும். புல்வெட்டி மெசின் பழுதுபார்க்கும் கடைக்குப் போய், "இந்த மெசினுக்குச் சங்கிலி, பிளக், ஏர் பில்டர் இருக்கா தவுக்கே? எடுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். அலமாரியிலிருந்து எடுத்து வைத்தால் அந்தப் பெயரை வாங்கலாம். "ஆர்டர் போடலாம்" என்றால் அடுத்த பெயரைக் கேளுங்கள். வேலை நடக்கும் வாரத்தில் மெசின் முடங்கிக் கிடந்தால் நஷ்டம் உங்களுக்குத்தானே.

பணக் கணக்குக்கு வருவோம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. தம்பியின் 1,200 வெள்ளி கிட்டத்தட்ட மூன்று வாரத்து உழைப்பு. அதில் 800க்கு மேல் மெசினுக்குப் போகக் கூடாது என்பது நம் கருத்து. மிச்சம் 400 உடம்புக்கு: கண்மறைப்பும் காதுமூடியும் சேர்ந்த தலைக்கவசம், கால் கவசம், கெட்டியான பூட்ஸ். அரமும் கூடுதலாக ஒரு சங்கிலியும் இதற்குள்ளேயே வர வேண்டும். பணம் போதாவிட்டால் கவசத்தைக் குறைக்காதீர்கள். அடுத்த கூட்டு வரை பொறுத்திருங்கள்.

கால் கவசம் என்றதும் சிலர் சிரிக்கிறார்கள். "இந்த வெயில்ல அத மாட்டிக்கிட்டு யாரு வேல செய்வா?" நமக்குத் தெரிந்த ஒருவரும் இப்படித்தான் சிரித்தார். கிளை கழிக்கும்போது ரம்பம் வழுக்கித் தொடையில் இறங்கியது. பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்தக் காலை மடக்கி இன்றுவரை அவரால் கீழே உட்கார முடியாது. முழு வேகத்தில் சங்கிலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் ஓடுகிறது. காலை இழுக்க நேரம் ஏது? கவசத்துக்குள் இருக்கும் நீண்ட நார்கள் சங்கிலியில் சிக்கிப் பல்சக்கரத்தைச் சுற்றி இறுக்கி, அதை நிறுத்திவிடுகின்றன. சாதாரணக் காற்சட்டைத் துணிக்கு அந்த வேலை தெரியாது. இன்னொன்று: பட்டையின் மூக்கில் மேல்பாதி எதிலாவது இடித்தால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும். சங்கிலி பிரேக் அதற்காகத்தான். கடையிலேயே ஓட்டிப் பார்த்து, பிரேக்கைத் தள்ளிச் சங்கிலி சட்டென்று நிற்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

அரத்தைப் பற்றி ஒரு சின்னக் கதை. இன்றைய சங்கிலிப் பல்லின் அமைப்பு ஒரு புழுவிடமிருந்து வந்தது. 1946இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, கட்டையைக் குடையும் வண்டுப் புழுவைக் கவனித்தார். அதன் தாடை இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்து எந்தப் பக்கமும் சுலபமாகப் போயிற்று. அதே மாதிரி இரும்பில் பல் செய்தார். ஆகவே இடப் பல்லையும் வலப் பல்லையும் ஒரே அளவு தீட்டாவிட்டால் வெட்டு கோணலாகப் போகும். துருவல் துருவலாக விழுந்துகொண்டிருந்தது மாவு மாதிரி விழுந்தால் பல் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது அழுத்தி வெட்டாதீர்கள், நிறுத்தித் தீட்டுங்கள். பெட்ரோலில் கலக்கும் எண்ணெய் அளவு மெசின் புத்தகத்தில் இருக்கும். 50க்கு 1 என்றால் 5 லிட்டருக்கு 100 மில்லி. சங்கிலிக்குக் காரில் வடித்த கறுப்பு எண்ணெயை ஊற்றுகிறவர்களைப் பார்க்கிறோம். அது பம்பையும் கெடுக்கும், மேலே தெறித்துத் தோலையும் கெடுக்கும்.

இனி அந்தக் குத்தகைக்காரரிடம் வருவோம். சொந்த மெசின் கொண்டுவா என்றால் மெசினுக்கும் கூலி உண்டா? பெட்ரோல் யாருடையது, சங்கிலித் தேய்மானம் யாருடையது? மரத்துக்கு இவ்வளவு என்று பேசும்போதே இதையும் பேசுங்கள். பிறகு கேட்டால், "அப்பவே சொல்லியிருக்கணும்பா" என்பார். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குத்தகைக்கு ஆள் வைத்து வேலை வாங்குகிறவருக்கும் அந்த வேலையாட்களின் பாதுகாப்பில் கடமை உண்டு என்று அது சொல்கிறது. மெசின் தம்பியுடையது என்பதால் அவர் கை கழுவிவிட முடியாது.

அதோடு, முதலாளி இல்லாதவருக்கு சொக்சோ கிடையாது என்று நம்மவர் பலர் இன்னும் நினைக்கிறார்கள். 2017இல் சுயதொழில் செய்வோருக்கென்று தனிச் சட்டம் வந்தது. முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கு என்று தொடங்கி, 2020இல் விவசாயம், காட்டு வேலை உள்ளிட்ட தொழில்களுக்கும் விரிந்தது. நாமே தேர்ந்துகொள்ளும் வருமான அளவில் நூற்றுக்கு ஒன்றேகால் வீதம் கட்டினால் போதும். ரம்பம் வாங்கிய அதே வாரத்தில் போய்ப் பதிந்துகொள்ளுங்கள்.

ராஜா மூசா வனக் காப்பகம் பக்கத்தில்தானே இருக்கிறது, இரண்டு மரம் யாருக்குத் தெரியும் என்று யாராவது கூப்பிட்டால் போகவே வேண்டாம். 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தில் மாட்டினால் கூப்பிட்டவன் ஓடிவிடுவான், மெசினோடு நிற்பது நீங்கள்தான்.

நம் தம்பி இன்னும் வாங்கவில்லை. கடையில் விசாரித்துவிட்டு வந்து, "மெசின் ஆயிரத்துக்கு ஒட்டி வருதுண்ணே, தலைக்கவசம் கால் கவசமெல்லாம் சேர்த்தா எரநூறு வெள்ளிக்கு மேல குறையுது" என்றார். இன்னும் இரண்டு மாதம் புல் வெட்டிக் குறைகிற பணத்தைச் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை குத்தகைக்காரரிடம் கிளைதான் இழுக்கிறார். மரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.