ஹீட்டரை மாற்றினால் பில் குறையுமா?

டில்லியில் தை பிறந்தும் குளிர் விடுவதில்லை. கரண்ட் பில்லுக்குப் பயந்து நம்மவர்கள் சிலர் கம்பி ஹீட்டரை விட்டு எண்ணெய் ஹீட்டர் வாங்குகிறார்கள். ரயில்வே மின்பிரிவில் 34 ஆண்டு இருந்தவன் சொல்கிறேன்: கம்பியோ எண்ணெயோ, ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். 2,000 வாட் ஹீட்டர் தினம் 5 மணி நேரம் முழுதாக ஓடினால் மாதம் 300 யூனிட்.

'ஹாட் அண்ட் கோல்டு' இன்வெர்ட்டர் ஏ.சி. வேறு ரகம். வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே இழுத்து வருவதால், அதே கதகதப்புக்குச் சுமார் 100 யூனிட் போதும். கோடைக்கு எப்படியும் ஏ.சி. வாங்குபவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்து இதையே வாங்கலாம் என்பது என் கட்சி.

வாடகை வீடா? கதவிடுக்கில் பழைய வேட்டியைச் செருகுங்கள். கரி அங்கீட்டி மூட்டும் அறையில் மட்டும் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.