தவழும் பிள்ளைக்குக் கவசமா, தரைக்குக் காப்பா?

பிள்ளைத்தமிழைப் பத்துப் பருவங்களாக வகுத்த எம் முன்னோர், முதற் பருவத்துக்குக் காப்பு என்றே பெயரிட்டனர். பிள்ளையின் கழுத்தில் ஐம்படைத்தாலியும் அணிவித்தனர். தவழத் தொடங்கும் பிள்ளைக்கு ஏதேனும் ஒரு காப்பு வேண்டும் என்ற தவிப்பு எம்மிடம் அவ்வளவு பழையது. அந்தத் தவிப்புத்தான், கணினித் துறையில் பணிபுரியும் என்னையும் ஒரு காலத்தில் ஆடை வடிவமைக்கத் தூண்டியது. அம்முயற்சி தோல்வியிலேயே முடிந்தது. அத்தோல்வி கற்பித்தவற்றை இளம் பெற்றோருடன் பகிர்ந்துகொள்வது என் கடமை எனக் கருதுகிறேன்.

அப்போது நாம் லாச்சப்பலுக்கு அருகே, பழைய கட்டடம் ஒன்றில் ஓரறை வீட்டில் வாழ்ந்தோம். சமையல், படுக்கை, சாமிப்படம் எல்லாம் அந்த ஓர் அறைக்குள்தான். ஒன்பது மாத மகன் தவழும் தரையில் பாக்குத் துண்டு, புளியங்கொட்டை, சட்டைப் பொத்தான், ஊக்கு என நாளுக்கொன்று கிடைக்கும். கண்டதெல்லாம் வாய்க்குள் போகும். கையை மூடிவிட்டால் பொருளைப் பற்ற முடியாதல்லவா என எண்ணி, கையுறை இணைந்த மேலாடை ஒன்றை வரைந்தேன். மனைவி தைத்துத் தந்தார். மகன் அதைச் சில நிமிடங்கள் மென்றான். மணிக்கட்டில் நாம் தைத்திருந்த பொத்தான் கழன்று அவன் வாய்க்குள் போனது. நல்லவேளையாக அது நாக்கின் நுனியில் இருந்தபோதே கண்டு எடுத்துவிட்டோம். காப்பதற்குச் செய்த ஆடையே ஆபத்தாகியது.

பிழை தையலில் இல்லை, எண்ணத்திலேயே இருந்தது. தவழும் வயதில் கையும் வாயுமே பிள்ளையின் ஆய்வுக்கருவிகள். அவற்றைக் கட்டிவைப்பது கற்றலைத் தடுப்பதாகும். வாயை மூடும் எந்தத் துணியும் மூச்சைத் தடுக்கக்கூடும். கழுத்தில் கட்டும் கயிறு நெரிக்கக்கூடும். சிறு பிள்ளைகளின் ஆடையில் கழுத்துப் பகுதியில் தொங்கும் நாடாக்கள் இருக்கக்கூடாது என ஐரோப்பியத் தரவிதி கூறுவதும் இதனாலேயே. கண்ணேறு கழிக்க நாம் அணிவிக்கும் கருமணிச் சரமும் அதில் கொழுவும் ஊக்கும் இந்த எச்சரிக்கைக்கு விலக்கானவை அல்ல.

ஆகவே கவசம் அணிய வேண்டியது பிள்ளை அன்று, வீடு. மூன்று வயதுக்கு உட்பட்டோரின் விளையாட்டுப் பொருட்களை ஐரோப்பாவில் 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஓர் உருளையில் இட்டுச் சோதிப்பார்கள். அதற்குள் முழுமையாக அடங்கும் துண்டு எதுவும் விற்பனைக்குத் தகாது. கழிவறைத் தாள் சுற்றிவரும் அட்டைக்குழல் அதைவிடச் சற்றே அகலமானது. அக்குழலுக்குள் நுழையும் எதையும் தரையில் விடாதீர்கள். நாள்தோறும் ஒருமுறை நீங்களே முழந்தாளிட்டுப் பிள்ளையின் கண்மட்டத்திலிருந்து அறையைப் பாருங்கள். கதிரைக்குக் கீழே இருப்பது அப்போதுதான் தெரியும்.

மூன்று பொருட்கள் தனிக் கவனத்துக்குரியவை. முதலாவது பொத்தான் பற்றரி. தொலைக்காட்சி ரிமோட், சமையல் தராசு, சாமிப்படத்தின் முன் வைக்கும் மின்தீபம் போன்றவற்றில் இது இருக்கும். 20 மில்லிமீற்றர் அகலமான 3 வோல்ற் பற்றரி உணவுக்குழாயில் சிக்கினால், அங்குள்ள ஈரத்தினூடாக மின்னோட்டம் பாய்ந்து கடுங்காரம் உருவாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்கலாம். இரண்டாவது கற்பூரம். கற்கண்டைப் போலத் தோன்றும் இதனைச் சிறிதளவு விழுங்கினாலும் பிள்ளைக்கு வலிப்பு வரக்கூடும்.

மூன்றாவது ஈயம். பழைய சுவர்களிலிருந்து உதிரும் ஈயப்பூச்சு இனிப்புச் சுவையுடையது. 1985ஆம் ஆண்டு முதல் பரிஸ் நகரின் பழைய வீடுகளில் வாழ்ந்த பிள்ளைகளிடம் ஈய நஞ்சேற்றம் கண்டறியப்பட்டது. அவர்களிற் பெரும்பாலோர் ஆபிரிக்காவிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள். பெற்றோரின் கவனக்குறைவென்று அதனைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. நோய் சுவரில் இருந்தது. அங்கே வாடகைக்கு இருப்பவரின் விழிப்பு மட்டும் போதாது, வீட்டு உரிமையாளரின் பொறுப்பும் வேண்டும். 1949க்கு முன் கட்டப்பட்ட வீட்டை வாடகைக்கு விடுபவர் ஈய அபாய ஆய்வறிக்கையை ஒப்பந்தத்துடன் இணைக்க வேண்டும் என்பது 2008 ஓகஸ்ட் முதல் சட்டம். சிதைந்த பூச்சில் ஈயம் இருந்தால் அதனைச் சீர்செய்வதும் உரிமையாளரின் கடமையே. வீட்டைவிட்டு எழுப்பிவிடுவாரோ என்ற அச்சத்தில் எம்மவர் பலர் அந்த அறிக்கையைக் கேட்பதில்லை. பிள்ளையின் மூளை வளர்ச்சியைவிட அந்த அச்சம் பெரிதா? பூச்சு உதிரும் வீடாயின் தரையை வெறுந்தும்புத்தடியாற் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பே.எம்.ஈ. எனப்படும் தாய் சேய் நல நிலையத்தில் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அங்கு ஆறு வயது வரை மருத்துவ ஆலோசனை இலவசம்.

இத்தனைக்குப் பின்னும் பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்கவைக்காதீர்கள். தொண்டைக்குள் கண்மூடித்தனமாக விரலை விட்டுத் துழாவாதீர்கள். பற்றரி என்ற ஐயம் இருந்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே 15ஐ அழையுங்கள். நஞ்சுப் பொருள் என்றால், 01 40 05 48 48 என்ற இலக்கத்தில் பரிஸ் நஞ்சு ஆலோசனை நிலையம் பதிலளிக்கும். அது இருப்பது பெர்னான் விடால் மருத்துவமனையில். நாம் வாரந்தோறும் மரக்கறி வாங்கும் அதே போபூர் சென்டெனித் தெருவில், 200ஆம் இலக்கத்தில்! அதன் வாசலைக் கடந்து செல்லும் எம்மவரில் எத்தனை பேர் இதனை அறிவர்?

எம் சங்கங்களிடமும் வர்த்தகர்களிடமும் வேண்டுவது ஒன்றே. விழா அறிவித்தல் ஒட்டும் அதே கண்ணாடியில் இந்த இரண்டு இலக்கங்களையும் தமிழில் ஒட்டுங்கள். வீட்டு ஒப்பந்தத்தை வாசிக்கத் தெரியாத பெற்றோருடன் பிரெஞ்சு தெரிந்த இளையோர் ஒருவரை அனுப்புங்கள். ஊரில் பிள்ளை தவழ்ந்தது முற்றத்தில். அங்கே பார்த்துக்கொள்ளப் பாட்டியும் சித்தியும் அயலவரும் இருந்தனர். இங்கே அந்தக் கண்கள் இல்லை. அவற்றின் இடத்தை எந்த ஆடையும் நிரப்பாது. நாம் ஒருவருக்கொருவர் நிரப்பினாலன்றி வழியில்லை.